தண்ணீர் போன வழி

அப்பாவின் அம்பாசிடர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு சொம்பு, பிறகு இரண்டு. 1983ஆம் வருஷத்து வண்டி, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். உத்தரபாராவில் அதைப் போடுவதையே 2014இல் நிறுத்திவிட்டார்கள். வயசு, கரிசல் வெயில் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தெருவிலிருக்கும் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றித் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயில் மட்டும் குறையவே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட.

பிறகு ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் திரண்டதுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளே ஈரம் படிந்து அப்படித் திரளும் என்றான் தெரிந்த பையன் ஒருவன். அதுவும் நிஜம்தான். சௌகரியமான விளக்கம் ஒன்று கிடைத்தபின் பிரதியை மறுபடி திறந்து பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? சித்திரை மாதத்தில், இந்தச் சீமைக்கருவேலங் காட்டில், அத்தனை ஈரம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா காலத்து மேஸ்திரி டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் குறிக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"வண்டி தண்ணி குடிக்கிதுங்கிறீக. குடிச்சது எங்கிட்டுப் போகுதுன்னு பாத்தீகளா தம்பி?"

அவர் அவசரப்படவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. மூடியைத் திறந்து ஓடவிட்டால் ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. பிளக் நாலையும் கழற்றினார். நாலும் ஒரே நிறம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருக்கும் என்றார். ஆக, நெருப்பைத் தொடாமலே தண்ணீர் ஆயிலுக்குப் போகிறது. புஷ் ராடு இறங்கும் துளைகள் ஹெட்டில் தண்ணீர் ஓடும் வழிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன; நடுவில் காப்பது கேஸ்கெட்டின் சிறு விளிம்பு. மிச்சம் காலையில், என்று வண்டியை அசைக்காமல் போடச் சொன்னார்.

ராத்திரி முழுக்கத் தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. மறுநாள் சம்ப் நட்டைத் தளர்த்தியதும் முதலில் வெறும் தண்ணீர் ஒழுகியது, ஒரு டம்ளருக்கு மேல். அதற்குப் பின்தான் ஆயில், ஆறிய பால்காப்பி நிறத்தில். விரலில் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு."

ஹெட்டை இறக்கியபோது அந்த விளிம்பு இரும்பையும் உப்பு அரித்துக் குழியாக்கியிருந்தது. பேரிங்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வழுவழுவென்று இருக்க வேண்டியது, நகத்தால் கீறியதுபோல் கோடு கோடாக. தண்ணீர் கலந்த ஆயில் படலமாக நிற்காது, உலோகத்தோடு உலோகம் உரசும். மூடிக்கு அடியில் அதை நான் பார்த்த அன்றே நிறுத்தியிருந்தால் கேஸ்கெட்டோடும், பட்டறையில் ஹெட்டைச் சமமாகக் கடைவதோடும் போயிருக்கும். மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

"அய்யா இருந்தப்ப டிக்கியில ஒரு கேன் கிடக்குமே. ஊருணித் தண்ணிதானே பிடிச்சு வச்சிருப்பாக?"

இருந்தது. அப்பா போனபின் டிக்கியைச் சுத்தம் செய்தபோது நான்தான் எடுத்து வெளியே போட்டேன். இப்போது அம்மா அதில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவரிடம் இதைச் சொல்லவில்லை. கேஸ்கெட் மதுரையில் கிடைக்குமா என்று கேட்டேன்.