நாரி

எங்கள் ஊரில் இடுப்புக்குச் சற்று மேலே, பின்பக்கம் நோவதை நாரி நோ என்போம். நாற்று நட்டவர்களுக்கும் மூட்டை தூக்கியவர்களுக்கும் வருவது. நோர்வேஜிய மொழியில் அந்த இடத்திற்குக் 'கொர்ஸ்ரிக்' என்று பெயர். கொர்ஸ் என்றால் சிலுவை, ரிக் என்றால் முதுகு. சுமப்பவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

பத்து வருடங்களுக்கு மேலாக ஒஸ்லோ ரெஸ்ரோறன்ட் குசினிகளில் நிற்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு வெங்காயம் உரித்தேன், இப்போது அடுப்படி. நிலக்கீழ் அறையிலிருந்து அரிசி மூட்டையைப் படியேற்றுவதும், குழம்புப் பானையை நிலத்திலிருந்து அடுப்புக்குத் தூக்குவதும் என் பங்கு. யாழ். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. படித்ததில் எஞ்சியவற்றுள் நெம்புகோல் ஒன்று. 20 கிலோ பானையை முள்ளந்தண்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னே பிடித்தால், 5 சென்ரிமீற்றர் பின்னே இருக்கும் தசை எட்டு மடங்கு விசையோடு இழுக்கவேண்டும். நாரியின் கடைசித் தட்டில் 160 கிலோவுக்கு மேல் அழுத்தம். பரீட்சையில் இதற்கு ஐந்து புள்ளி கிடைத்திருக்கும்.

எம்.ஆர். படத்தில் மற்றத் தட்டுகள் வெளிறித் தெரிய, அடியிலிருந்தது மட்டும் கறுத்துத் தட்டையாகிக் கிடந்தது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தைபோல இருக்கவேண்டியது, நீர் வற்றிப் போயிருக்கிறது. நிபுணர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அதை எடுத்துவிட்டுச் செயற்கைத் தட்டு வைப்பது. மற்றது, சில வாரங்கள் குழுவாகப் பயிற்சி. "நீயே யோசித்துச் சொல்" என்றார்.

குசினியில் இரண்டு கட்சி. "தம்பி, நாரியிலை கத்தி வைக்க விடாதை" என்றார் மூத்த அண்ணை. மற்றவன், "பழுதானதைக் கழட்டிப்போட்டுப் புதுசு பூட்டு, காசே கேக்கப் போறாங்கள்?" என்றான். உண்மையில் கத்தி வைப்பது நாரியில் அல்ல, வயிற்றில். முன்பக்கமாகப் போய், பெரிய இரத்தக் குழாய்களை ஒதுக்கி, இரண்டு உலோகத் தகடுகளும் நடுவில் பிளாஸ்ரிக்குமான ஒரு மூட்டை வைப்பார்கள். இவ்வகைத் தட்டு முதலில் பொருத்தப்பட்டது 1984இல், கிழக்கு பேர்லினின் ஷரித்தே வைத்தியசாலையில். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பூற்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். முதுகை வில்லாக வளைத்தவரே முதுகுக்கு உதிரிப்பாகம் செய்திருக்கிறார்.

நோர்வேயிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒஸ்லோ உட்பட ஐந்து பல்கலைக்கழக வைத்தியசாலைகள், 25 முதல் 55 வயதுவரை 173 பேர். சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து, பாதிப்பேருக்குச் செயற்கைத் தட்டு, பாதிப்பேருக்கு ஏறத்தாழ 60 மணித்தியாலப் பயிற்சி. முடிவு 2011இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. இரண்டு தரப்புக்கும் நோ குறைந்தது. சத்திரசிகிச்சைத் தரப்புக்குக் கூடுதலாக 8.4 புள்ளி. ஆனால் பத்துப் புள்ளி வித்தியாசமாவது இருந்தால்தான் பெரிதாகக் கொள்வதென்று முன்கூட்டியே வைத்திருந்தார்கள். தட்டு வைத்த ஒருவருக்கு, மறுபடி வெட்டும்போது இரத்தக் குழாய் காயப்பட்டு, காலின் கீழ்ப்பகுதியையே எடுக்கவேண்டி வந்தது. எட்டு வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் பத்தைத் தொடவில்லை.

என்னை நிறுத்தியது வேறொரு வரி. வேலைக்குத் திரும்பியதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

புள்ளி போடும் படிவத்தை நானும் நிரப்பினேன். இங்கிலாந்தின் ஒஸ்வெஸ்ற்றி என்ற ஊரின் பெயரில் வழங்கும் பத்துக் கேள்விகள். தூக்கம், நடை, இருப்பு, பாரம் தூக்குதல், பயணம், தாம்பத்தியம்கூட உண்டு. என்ன வேலை செய்கிறாய் என்று மட்டும் இல்லை. உலோகத் தட்டோ பயிற்சி பெற்ற தசையோ, எதைக் கொண்டுபோனாலும் அந்தப் பானைக்குத்தான் போகப் போகிறேன். நெம்புகோல் கணக்கில் தட்டு உலோகமா தசைநாரா என்ற கேள்வி வருவதில்லை. நிறையும் தூரமும்தான் வருகின்றன.

நான் பயிற்சியைத் தெரிவு செய்தேன். கத்திக்கு மொழி தேவையில்லை, மயக்கமருந்து போதும். பயிற்சியிலோ வட்டமாக இருந்து நோவைப்பற்றி நோர்வேஜிய மொழியில் பேசவேண்டும். 'குத்துது', 'உளையுது', 'விண் விண்ணெண்டு தெறிக்குது' என்ற மூன்றுக்கும் என்னிடம் ஒரே சொல், 'வொந்த்'. வளைந்தால் முறிந்துவிடாது என்று பிசியோதெரபிஸ்ற் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விளங்குகிறது. பயமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் கலண்டர் ஓடுகிறது. சுகவீன விடுப்புச் சம்பளம் கூடியது ஒரு வருடம். அதில் ஏழு மாதம் போய்விட்டது. அதன்பின் கிடைக்கக்கூடிய கொடுப்பனவு, முந்திய வருமானத்தின் 66 வீதமளவில்தான். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் காசுக்கு வீதக் கணக்குத் தெரியாது.

போன கிழமை முதலாளியிடம் போனேன். ஒரு தள்ளுவண்டி, பெரிய பானைக்குப் பதில் இரண்டு சின்னப் பானை, அரிசி மூட்டைக்கு இன்னொரு ஆள். 2005ஆம் ஆண்டின் வேலைச்சூழல் சட்டம், இயலாமை வந்த தொழிலாளிக்கு ஏற்ப வேலையை முடிந்தளவு ஒழுங்குபடுத்தச் சொல்கிறது என்பதையும் சொன்னேன். "சட்டமெல்லாம் கதைக்கிறாய்" என்று சிரித்தார். பிறகு, "யோசிப்பம்" என்றார்.

பானையின் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை திரும்பவும் கேட்பேன்.