‘ளம’ என்றொரு சொல்

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரை தாண்டிச் சென்னைக்குள் புகுந்திருந்தது. உதவி கேட்டும் உதவ முன்வந்தும் ட்விட்டரில் குவிந்தவற்றைப் பைத்தானில் நிரல் எழுதிச் சேகரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ட்விட்டரிடம் 15 நிமிடத்துக்கு 180 முறை கேட்க முடிந்தது. ஒரு முறைக்கு அதிகபட்சம் 100 ட்வீட் வந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முந்தையது கிடைக்கவில்லை. அதனால் இரவும் பகலும் நிரலை ஓடவிட்டேன்.

சொற்களை எண்ணிப் பட்டியலிட்டபோது முன்வரிசையில் ‘ளம’ என்று ஒன்று நின்றது. தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை. மூல ட்வீட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்த பிறகுதான் விளங்கியது: அது வெள்ளம்.

நமக்கு ‘வெள்ளம்’ நான்கெழுத்து. கணினிக்கு அது ஏழு குறிகள்: வ, ஒற்றைக்கொம்பு, ள, புள்ளி, ள, ம, புள்ளி. சொற்களைப் பிரிக்க எல்லோரும் வழக்கமாக எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைத்தான் நானும் எழுதியிருந்தேன். பைத்தான் அதில் கொம்பையும் புள்ளியையும் எழுத்தாகச் சேர்ப்பதில்லை. அவை வரும் இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். வ, ள, ளம என்று மூன்று துண்டு. ஒற்றை எழுத்துகளைக் குப்பையென்று வடிகட்டியது நான். மிஞ்சியது ‘ளம’. பள்ளமும் அதே ‘ளம’வாகி அந்தக் கணக்கில் கலந்திருந்தது.

யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று மாற்றி எழுதினேன். வெள்ளம் முழுதாக வந்தது. ஆனால் கோட்டூர்புரம் என்ற ஊர்ப்பெயர் பட்டியலில் இரண்டு இடத்தில் நின்றது. ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்றும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு. இப்படி இரு விதமாக உள்ளிட்டதை ஒரே வடிவாக்கும் யூனிகோடு நார்மலைசேஷன் செய்த பிறகே இரண்டும் சேர்ந்தன.

அன்றிலிருந்து, எண்ணத் தொடங்கும் முன் 200 பதிவுகளையாவது கண்ணால் வாசித்துவிடுவேன். அப்படி வாசித்தபோதுதான், முதல் நாள் இரவு ஒரு தெருவுக்குப் படகு கேட்ட ஒரே ட்வீட் மறுநாளும் ரீட்வீட் ஆகிக்கொண்டே இருந்ததைக் கண்டேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்தத் தெருவில் நூறு வீடுகள் தவிப்பதாகத் தோன்றும். பல பதிவுகளில் தொலைபேசி எண்ணும் கதவு எண்ணும் இருந்தன. உயிர் அவசரத்தில் ஊரை நம்பிக் கொடுத்தவை அவை. ஆய்வுக் கோப்பிலிருந்து அவற்றை நீக்கிய பிறகே அடுத்த வேலையைத் தொட்டேன்.

மின்சாரமும் செல்போன் சிக்னலும் போன பகுதிகளிலிருந்து ட்வீட்டே வரவில்லை. ட்வீட்டுகளை வைத்து நான் வரைந்த வரைபடத்தில் அங்கெல்லாம் ஒரு குறையும் இல்லாததுபோலத் தெரிந்தது. வந்த சொல் சிதைந்தால் நிரலைத் திருத்திக்கொள்ளலாம். வராத சொல்லை எந்த நிரலும் கொண்டுவந்து தராது. அதனால் எந்த அறிக்கை எழுதினாலும், யார் பேசினார்கள் என்று சொன்ன கையோடு, யாரால் பேச முடியாமல் போயிருக்கும் என்றும் ஒரு பத்தி எழுதிவிடுகிறேன்.