தூரையும் படம் எடுத்து அனுப்புங்கள்

சென்னையிலும் புறநகரிலும் மரம் கழிக்க ஆள் தேடுபவர் இன்று முதலில் செய்வது, மரத்தை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான். கூடவே ஒரு வரி வரும்: "மரம் வெட்டணும், ரேட் சொல்லுங்க." பெயர் இருக்காது, ஏரியா இருக்காது, என்ன மரம் என்பதும் இருக்காது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக வரும் விசாரணைகளும் இதே அச்சுதான். இந்த ஒற்றை வரியிலிருந்து வேலையைப் பிரித்தெடுப்பது மரத்தில் ஏறுவதைப் போலவே தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

இத்தொழிலில் பெரும்பாலானவை சிறு குழுக்கள். ஒரு மேஸ்திரி, ஏறுபவர் ஒருவர் அல்லது இருவர், கீழே கயிறு பிடிக்கவும் கழிவு அள்ளவும் சிலர், ஒரு குட்டி யானை வண்டி. போன் மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வேலையில் இருக்கும்போது மெஷின் சத்தத்தில் அது ஒலிப்பதே கேட்காது. அதனால் பல குழுக்களில் பதில் போடும் பொறுப்பு வீட்டிலிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போய்விடுகிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-இல் வந்தபின், தயார் பதில்களும் வண்ண அடையாளங்களும் இந்த வேலையை எளிதாக்கின. ஆனால் ஒருநாளாவது மரத்தடியில் கயிறு பிடித்து நிற்காத பிள்ளை எழுதும் பதிலுக்கும், நின்ற பிள்ளை எழுதும் பதிலுக்கும் உள்ள வித்தியாசம் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். முதலாமவர் "எத்தனை அடி உயரம்?" என்று கேட்பார். இரண்டாமவர் "தூரையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க சார்" என்பார்.

வாடிக்கையாளர் அனுப்பும் படம் அண்ணாந்து எடுத்ததாக இருக்கும். வானத்தின் வெளிச்சத்தில் கிளைகள் கறுத்து, இலைத்திரள் மட்டும் தெரியும். ஏறுபவருக்கு வேண்டியது வேறு. தூரில் காளான் முளைத்திருக்கிறதா, மண் ஒரு பக்கம் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா, அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்பது முதலில். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இல்லாமல் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. நம் ஊர் காம்பவுண்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அடுத்தது கவடு. இரண்டு பெருங்கிளைகள் குறுகிப் பிரியும் இடத்தில் பட்டை உள்மடிந்திருந்தால் அங்கே பிடிப்பு குறைவு. அந்தக் கிளையை நம்பிக் கயிறு கட்ட முடியாது. பிறகு மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது: ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, ஏசியின் வெளிப்பெட்டியா, பக்கத்து வீட்டுக்காரரின் காரா? கடைசியாக, கேட்டிலிருந்து மரம் வரை வண்டி வருமா? வராவிட்டால் ஒவ்வொரு கொப்பையும் தலைச்சுமையாகத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். கூலி அங்கேதான் ஏறும்.

ஒயர் பற்றிய கேள்வி தனி. "மேல ஒயர் போகுதா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இல்ல" என்றே பதில் எழுதுவார்கள். பொய் சொல்வதில்லை, தினமும் பார்க்கும் ஒயர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அதனால் விவரமறிந்தவர்கள் கேள்வியை மூன்றாக உடைத்துக் கேட்கிறார்கள்: தெருவில் போகும் இபி லைன், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர், கேபிள் டிவி அல்லது இன்டர்நெட் ஒயர். முதல் வகை கிளைக்கு அருகில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தாமல் யாரும் ஏறக்கூடாது. ஈரக் கிளை ஒன்று உரசினாலே போதும், உயிர் போய்விடும். மூன்றாவது வகையால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு சீரியல் நேரத்தில் தெருவுக்கே கேபிள் போனால் மேஸ்திரி பதில் சொல்லி மாளாது.

தென்னை விஷயத்தில் படமே பாதி நோயைச் சொல்லிவிடும். விரிந்த மட்டையில் ஓலைகள் விசிறியைக் கத்தரித்ததுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்திருக்கிறது. தண்டில் ஓட்டைகளும் அவற்றிலிருந்து மென்று துப்பிய நாரும் வந்தால் சிவப்புக் கூன்வண்டு. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்து காய்ந்திருந்தால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வாங்கிய அடித்தண்டழுகல். ஓலைகளின் மேல்பக்கம் கரி பூசியதுபோல் இருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான இந்தப் பூச்சி சுரக்கும் தேன்போன்ற நீரில்தான் அந்தக் கரும்பூஞ்சை படர்கிறது. முதலாவதுக்கும் கடைசிக்கும் "மட்டை கழிக்கலாம், மருந்து வைக்கலாம்" என்று பதில் போகும். நடுவிலுள்ள இரண்டுக்கும் முதலில் போக வேண்டிய பதில்: "மரத்துல யாரையும் ஏத்தாதீங்க, நாங்க வந்து பாக்குறோம்." உள்ளே கூடாகிப்போன தென்னை ஏறுபவரின் எடையைத் தாங்காது. தேங்காய் பறிக்க வழக்கமாக வருபவரும் அதே மரத்தில்தான் ஏறப்போகிறார் என்பதால் இந்தப் பதிலை நாளைக்கென்று தள்ளிப்போட முடியாது.

ரேட்டைப் படம் பார்த்துச் சொல்வதா கூடாதா என்பதில் தொழிலுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். சொன்னால், மரத்தடிக்கு வந்தபின் அந்தத் தொகை வாக்குக்கொடுத்ததாகிவிடும். "இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் வரும், நேரில் பார்த்தபின் முடிவு" என்று இடைவெளி விட்டுச் சொல்வதே நடைமுறையில் நிற்கிறது. அந்த வரியோடு கழிவு எடுப்பது சேர்த்தியா இல்லையா என்பதையும் எழுதிவிட வேண்டும். சண்டைகளில் பெரும்பங்கு அதில்தான் பிறக்கிறது. "விறகை நீங்களே எடுத்துக்கோங்க, கூலியில குறைச்சுக்கோங்க" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விறகடுப்புக் காலத்தில் அது நியாயமான கணக்கு. இன்று தூங்குமூஞ்சி விறகை வாங்க ஆளில்லை; அதை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதற்கே செலவாகிறது.

விசாரணைகளில் அதிகம் வரும் கோரிக்கை மொட்டை அடிப்பது. "மேல ஃபுல்லா எடுத்துடுங்க, திரும்பத் திரும்ப ஆள் கூப்பிட முடியாது." பதில் போடுபவருக்கு இது சோதனையான இடம். மொட்டை அடிப்பது சுலபம், பார்ப்பதற்கும் கொடுத்த காசுக்கு வேலை நடந்ததாகத் தெரியும். ஆனால் இலை முழுவதும் போன மரம் சேமித்து வைத்த உணவைச் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் பட்டைக்குச் சற்றுக் கீழிருந்து கிளம்புபவை. மரத்தின் உள்ளே வேர்கொண்ட பழைய கிளைக்கு இருக்கும் பிடிப்பு அவற்றுக்கு இல்லை. சில வருடங்களில் அவை கனத்துப் புயல் காற்றில் ஒடியும். திரும்ப ஆள் கூப்பிட வேண்டாம் என்று நினைத்தவர் நிச்சயம் கூப்பிடுவார். இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. மொட்டை அடித்த மரம் ஒன்றின் மூன்றாம் வருடப் படத்தை அனுப்பினால் பேச்சு முடிந்துவிடுகிறது.

கூடவே வரும் இன்னொரு கேள்வி: "வெட்டின இடத்துல தார் பூசுவீங்களா?" அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை, அழுகலைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவிட்டு மரம் வெளிப்பக்கம் புதிதாக வளர்கிறது என்று காட்டினார். தார் பூசினால் அழுகல் நிற்காது என்பதும் அவர் சொன்னதே. எங்கே அறுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் பட்டை மடிந்து சற்று உப்பியிருக்கும். அந்த உப்பலைத் தொடாமல் அதன் விளிம்போடு அறுக்க வேண்டும். கனமான கிளையென்றால் முதலில் சற்றுத் தள்ளிக் கீழிருந்து ஒரு அறுப்பு, அதற்கும் வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்தபின், மிஞ்சிய முண்டை விளிம்போடு எடுப்பது மூன்றாவது. ஏறுபவர்களில் பலருக்கு ஷைகோவின் பெயர் தெரியாது. பட்டை கிழிந்தால் மரம் கெடும் என்பது தெரியும்.

மழைக்காலம் தொடங்கினால் முருங்கைப் படங்கள் வரத் தொடங்கும். அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் விரிப்பு விரித்ததுபோல் அப்பியிருக்கும். சில ஜன்னல் வரை வந்திருக்கும். வீட்டில் குழந்தைக்குத் தடித்துவிட்டது, "மரத்தையே எடுத்துடுங்க" என்பார்கள். பகலில் அவை அடிமரத்தில் கூட்டமாகத் தங்கும், இரவில் மேலேறி இலை தின்னும். தங்கியிருக்கும் நேரத்தில் தீப்பந்தத்தால் சுட்டுவிடுவது பழைய வழி. வேளாண் துறையும் இதைச் சொல்கிறது. காய்ப்பு முடிந்தபின் மரத்தை வெட்டிவிட்டால் புதிதாகத் தழைக்கும், அடுத்த மழைக்குள் கைக்கெட்டும் உயரத்தில் நிறுத்தலாம். முருங்கையில் யாரும் ஏறுவதில்லை. கொப்பு சொல்லாமல் ஒடியும். ஏணி போதுமான இந்த வேலைக்கு வேறு மாதத்தில் கூப்பிடச் சொல்லிப் பதில் போட்டால் அன்றைய வரும்படி போகும். அப்படிப் பதில் போடும் குழுவைத்தான் அந்தத் தெரு அடுத்த முறை கூப்பிடுகிறது.

மாமரம் என்றால் முசுறு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பெறும்பு, ஏறியவரைப் பாதி உயரத்தில் கையை விட வைக்கும். மலைத்தேனீக் கூடு இருந்தால் முதலில் அதற்கான ஆள் வர வேண்டும். மெஷின் ஓசைக்குக் கலைந்தால் தெருவே கதவடைக்கும். வேம்பு, அரசு, ஆல் என்றால் வேறொரு கேள்வி: மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறதா, அடியில் கல் நட்டிருக்கிறதா? அப்படியிருந்தால் ஏற மறுப்பவர்கள் உண்டு. மறுக்காதவர்களும் கற்பூரம் ஏற்றாமல் அரிவாள் வைப்பதில்லை. வாடிக்கையாளருக்கு இதை முன்பே சொல்லிவிட்டால் தேங்காயும் கற்பூரமும் அவரே வாங்கி வைத்திருப்பார்.

சட்டம் குறித்த கேள்விக்கு யோசித்துப் பதில் எழுத வேண்டும். தெருவோர மரம் மாநகராட்சியுடையது. வீட்டுக்காரர் காசு கொடுத்தாலும் தனியார் தொடக்கூடாது. மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் புகார் செய்யச் சொல்வதே சரி. சொந்த இடத்து மரத்துக்கு விதி ஊருக்கு ஊர் மாறும். டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த வீட்டு மரத்துக்கும் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சந்தன மரத்துக்குத் தனி விதிகள் உண்டு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இந்த மரங்களின் படம் வந்தால் ரேட்டுக்கு முன் அனுமதிக் கடிதத்தைக் கேட்பது குழுவுக்கே பாதுகாப்பு.

புயல் நாட்களில் இந்த ஒழுங்கெல்லாம் தலைகீழாகும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் இயல்வாகையும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் வந்த வரிசையில் பதில் போடுவது தவறு. லைன்மேல் விழுந்த மரத்துக்கு ஒரே பதில்: யாரும் கிட்டே போகாதீங்க, மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. ஆள் உள்ளே மாட்டியிருந்தால் தீயணைப்புத் துறை. கூரைமேல் சாய்ந்து நிற்பது அடுத்து. காம்பவுண்டுக்குள் விழுந்து கிடப்பது ஒரு வாரம் காத்திருக்கலாம். வண்ண அடையாளம் உண்மையில் பயன்படுவது அன்றுதான். கூலியைப் பல மடங்கு ஏற்றிச் சொல்ல அன்று முடியும், சொல்பவர்களும் இருக்கிறார்கள்; அந்தச் செய்தியின் படம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் சுற்றுவதும் உண்டு.

வேலை முடிந்தபின் வரும் புகாருக்குச் சிறந்த பதில், தொடங்கும் முன் எடுத்த படம். மாடி ஓடு முன்பே விரிசல் விட்டிருந்ததா என்பதை அது சொல்லும். உடைத்தது குழுவேயென்றால் வாதாடாமல் சரிசெய்து கொடுப்பது, கூகுளில் விழும் ஒற்றை நட்சத்திரத்தைவிட மலிவு. விளம்பரத்துக்குப் போடும் படங்களிலும் கவனம் வேண்டும். வீட்டு எண்ணும் வண்டி எண்ணும் தெரியக்கூடாது. வீட்டுக்காரரைக் கேட்காமல் போடவும் கூடாது. பெல்ட்டும் கயிறும் இல்லாமல் ஐம்பதடி உயரக் கவட்டில் நின்று சிரிக்கும் ஏறுபவரின் படத்துக்கு நிறைய லைக் விழும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் வேறு குழுவைத் தேடுகிறார்.

முடித்த வேலையின் உரையாடலை அழிக்காமல் மரத்தின் பெயரும் கழித்த மாதமும் சேர்த்துக் குறித்து வைப்பவர்கள் குறைவு. வைப்பவர்களுக்கு அடுத்த வருட வேலை தேடிப் போக வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட் கடைசியில், "போன வருஷம் வேம்புல தெருப்பக்கக் கிளை கழிச்சோம் மேடம், மழைக்கு முன்னாடி ஒருதடவ வந்து பாத்துட்டுப் போகட்டுமா?" என்று ஒரு குரல்பதிவு போகும். எழுதிய செய்தியைவிடக் குரல்பதிவுக்குப் பதில் சீக்கிரம் வருகிறது என்பது மேஸ்திரிகளின் அனுபவம். அதில் விலை எதுவும் சொல்வதில்லை. தூரின் படம் ஒன்று மட்டும் கேட்கிறார்கள்.