கோரிக்கு வலை ஆகாது

சென்னைக் கொளத்தூரில் அரசு வண்ண மீன் வர்த்தக மையம் கட்டுகிற செய்தி பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியபோது, அந்த ஊரைப் பற்றி எழுதித் தரும்படி ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். கட்டடத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து நண்பர் ஒருவர் ஃபோனில் பிடித்துக்கொண்டார். “உங்க ஊர்க்காரனுவ செத்துப்போற மீனாப் பாத்து அனுப்புதானுவளா?”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு புதிதாக மூன்றடித் தொட்டி வாங்கி வைத்தவர் அவர். கொளத்தூரில் கோரிடோரஸ் மீன் பத்துக்குச் சொல்லியிருந்தார். ஆம்னி பஸ்ஸில் இரவு ஏறிய பார்சல் காலையில் வந்து சேர்ந்தபோது பத்தும் உயிரோடுதான் இருந்தன. யூடியூபில் பார்த்தபடி கவரைத் திறந்து வைத்து, மெல்லிய குழாய் வழியே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விட்டுப் பழக்கியிருக்கிறார். அன்று இரவே நான்கு மல்லாந்துவிட்டன. மறுநாள் மாலைக்குள் தொட்டி காலி.

கடைக்காரர்கள் வாயில் கோரிடோரஸின் பெயர் ‘கோரி’. தென் அமெரிக்க ஆறுகளின் குட்டிக் கெளுத்தி இனம். பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. செதில் கிடையாது. அதற்குப் பதிலாகப் பக்கத்துக்கு இரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள். மீசையால் அடிமணலைத் துழாவித் தின்னும், அவ்வப்போது கண்ணை உருட்டும், அது நம்மைப் பார்த்துச் சிமிட்டுவது போலவே இருக்கும். டார்வின் பீகிள் பயணத்தில் பிடித்துக்கொண்டு போன மீன்களில் புள்ளிக் கோரியும் ஒன்று. 1842இல் ஜெனின்ஸ் என்கிற ஆய்வாளர் அதற்குப் பெயர் வைத்தார். 2024இல் ஆய்வாளர்கள் கோரிடோரஸ் பேரினத்தைப் பிரித்துப் போட்டு, புள்ளிக் கோரியையும் வெண்கலக் கோரியையும் வேறு வேறு பேரினங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். கொளத்தூர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வெண்கலம், ஆல்பினோ, புள்ளி எல்லாமே அங்கே கோரிதான்.

நண்பரின் மீன்கள் ஏன் செத்தன என்று தெரிந்துகொள்ள, தெரிந்த கடைக்காரர் ஒருவர் வழியாக ஒரு மீன் பண்ணைக்குப் போனேன். கொளத்தூரில் கடைகள் தெருத் தெருவாக இருக்கின்றன. பண்ணைகளில் பல, மனை விலை ஏற ஏற, மாதவரம் தாண்டிச் செங்குன்றம் பக்கம் ஒதுங்கிவிட்டன. பச்சை வலைக் கூரைக்கு அடியில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் கொப்பளிக்கும் சத்தம். உரிமையாளர் நல்ல மனிதர். தாய் மீன் தேர்வு, தண்ணீரின் கடினத்தன்மை, குஞ்சுத் தீவனம் என்று வரிசையாக விளக்கினார். பாதிக்கு மேல் நான் கவனிக்கவில்லை. மழை விஷயம் மட்டும் மனதில் நின்றது. தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால்தான் கோரி முட்டையிட எழும்பும். ஐப்பசி மழை பிடித்தால் தொட்டிச் சுவரெல்லாம் முட்டையாக ஒட்டியிருக்குமாம். சித்திரை வெயிலில் என்ன கெஞ்சினாலும் நடக்காது.

“பேக்கிங் பார்க்கணும்னா அக்காகிட்ட போங்க சார்” என்று பின்பக்கக் கொட்டகையைக் காட்டினார்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்றார். ஏன் என்று பிறகு புரிந்தது. ஈரத் தரையில் முக்காலி. இடப்பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர், வலப்பக்கம் ரப்பர் பேண்ட் குவியல், எதிரே பிளாஸ்டிக் டப்பில் கோரிகள். மடியில் ஒரு பழைய தயிர் டப்பா.

அந்தத் தயிர் டப்பாவைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அரைக் கிலோ டப்பா. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டிருக்கிறார். மீனின் உதட்டைப் பதம் பார்க்கக்கூடிய விளிம்பை மெழுகுவர்த்தியில் காட்டி மழுக்கியிருக்கிறார். டப்பில் இதை மெல்லச் சாய்த்தால் கோரி தானாக உள்ளே நழுவும். தூக்கினால் தண்ணீர் துளை வழியே வடிந்து மீன் மட்டும் நிற்கும். கவர் வாயில் கவிழ்த்தால் முடிந்தது. மோலி, பிளாட்டி மீன்களுக்கு வலை தொங்குகிறது. கோரி டப் பக்கம் அந்த வலை வராது.

“வலைல புடிச்சா முள்ளு மாட்டிக்கும் தம்பி. நீ இழுப்ப, அது வுடாது. கடைசில முள்ளு ஒடியும், இல்லாங்காட்டி வலைய அறுக்கணும். முள்ளு ஒடிஞ்ச மீனு ஊரு போய்ச் சேரும். தொட்டில நிக்காது.”

கோரிக்கு முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, ஆக மூன்று முட்கள். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்க வருகிற மீனின் தொண்டையில் குத்துவதற்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு பிளாஸ்டிக் கவரையும் குத்தும், அக்காவின் விரலையும் குத்தும். விரல் நுனிகளில் கரும்புள்ளிகளாகத் தழும்புகள். குத்தினால் சாயந்திரம் வரை கடுக்கும் என்றார்.

ஆகவே கோரிக்குக் கவர் இரட்டை. இரண்டு கவருக்கும் நடுவில் பழைய செய்தித்தாள். அடி மூலைகள் இரண்டையும் முடிந்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார். மூலை இருந்தால் மீன் அதில் போய்ச் சொருகிக்கொண்டு நசுங்கும். தண்ணீர் ஒரு பங்கு, காற்று இரண்டு பங்கு. கவரை நிறுத்தாமல் படுக்கவைத்துத்தான் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குகிறார். கோரி தண்ணீருக்குள் மூச்சு விடுவதோடு நிற்பதில்லை. விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் உறிஞ்சிக்கொள்ளும். படுக்கவைத்த கவரில் மேல்பரப்பு அகலம், மேலே போகிற தூரமும் குறைவு. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “யார் சொல்லணும்? நிக்க வெச்சதுல அதிகமாச் செத்துச்சு, படுக்க வெச்சதுல கம்மி.”

கவருக்குள் போவதற்கு முன்னால் இரண்டு சடங்குகள் உண்டு. முதலாவது பட்டினி. அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனி நிற்கும். வயிற்றில் இருப்பது தொட்டியிலேயே கழிந்தால் கவர்த் தண்ணீர் கெடாது. இரண்டாவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிடித்த கோரிகளை நேராகக் கவரில் போடாமல் சின்ன டப்பில் விட்டு, கையால் தண்ணீரைக் கலக்கிக் கொஞ்ச நேரம் அலைக்கழிக்கிறார். மிரண்ட கோரி தோள் முள்ளின் அடியிலிருந்து ஒருவித நஞ்சைக் கசியவிடும். ஆற்றில் என்றால் அது கரைந்து போய்விடும். கவரென்றால் கூட இருக்கிற மீன்களோடு தானும் அதில் சாகும். ஆகவே பயத்தை டப்பிலேயே தீர்த்துக்கொள்ள விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கவர் போடுகிறார். மோலிக் கவருக்கெல்லாம் கல்லுப்பு போடுகிற கை கோரிக் கவருக்குப் போடுவதில்லை. உப்பும் கோரிக்கு ஒத்துவராது, மருந்தும் மற்ற மீனுக்குக் கொடுக்கிற அளவில் தாங்காது.

நண்பரின் கதையைச் சொன்னேன். சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் என்றதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “கவரப் பிரிச்சிட்டா பேசிக்கினு நிக்கக்கூடாது.”

இதற்குள் ஒரு ரசாயனம் இருக்கிறது. இரவு முழுக்க மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து கவர்த் தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். மீன் வெளியேற்றிய அம்மோனியா அந்தத் தண்ணீரில் அம்மோனியமாக, பெரிதாகத் தீங்கு செய்யாமல் கிடக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, சாதுவாகக் கிடந்தது மறுபடி நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. நண்பர் அந்தத் தண்ணீரில்தான் மீனை உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறார். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி அரை மணியில் வீடு வருகிற மீனுக்குச் சொட்டு முறை கெடுதல் இல்லை. ராத்திரிப் பயணம் வந்த மீனுக்கு அக்கா சொல்கிற வழி வேறு. கட்டிய கவரை அப்படியே தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட வேண்டும், சூடு சமமாவதற்கு. பிறகு பிரித்து, மீனை மட்டும் டப்பாவால் எடுத்து உடனே உள்ளே விட வேண்டும். கவர்த் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. நுரை கட்டியிருந்தால் இருபது நிமிடத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அன்று விளக்கு போடக்கூடாது, தீனியும் மறுநாள்தான்.

“தொட்டி எத்தினி நாளாச்சு வெச்சு?” என்றார்.

ஒரு வாரம் என்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்ததாக நண்பர் பெருமைப்பட்டதையும் சொன்னேன்.

“அப்ப கவர் மேல பழி போடாதீங்க.”

புதுத் தொட்டியில் மீனின் கழிவைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா இருக்காது. அது தானாக வளர்ந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தெளிந்த தண்ணீரும் விஷத் தண்ணீர்தான். அவசரக்காரர்களுக்குப் பண்ணையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவாமல் ஈரத்தோடு கவரில் போட்டுத் தருவார்கள். புதுத் தொட்டியில் அதை ஓடவிட வேண்டும். கேட்டால்தான் தருவார்கள். கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

அக்கா இந்த வேலைக்கு வந்தது ஃபைட்டர் மீன் பாட்டில் கழுவ. கல்யாணம் ஆகி வந்த புதிது. புருஷன் விடிகாலையில் கால்வாய்க்குப் போய்ப் புழு எடுக்கிறவர். டியூபிஃபெக்ஸ் என்கிற சிவப்புப் புழு, சாக்கடைச் சேற்றில்தான் கொழிக்கும். கழுத்தளவு கழிவு நீரில் நின்று சேற்றை அலசிப் புழுவைப் பிரித்துக் கொண்டுவந்து பண்ணைகளுக்கு விற்றிருக்கிறார். கோரிக்கு அந்தப் புழு உயிர். தோல் நோயும் குடியும் சேர்ந்து அவரை எடுத்துக்கொண்டன. அதன் பிறகு அக்கா சொந்தமாக வீட்டு மொட்டை மாடியில் நாலு தொட்டி கட்டி கப்பி விட்டுப் பார்த்தார். பிறகு கீழே தரையில் இரண்டு பெரிய தொட்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத் தொட்டி மீன் முழுக்கத் தெருவோடு போயிற்று. “எங்க தெருவுல பசங்க கொசுவலை போட்டு மோலி புடிச்சானுங்க. எம் மீனுதான், எப்படிக் கேக்கறது?” கடன் மிச்சம். அதிலிருந்து மறுபடி கூலி.

2017இல் மத்திய அரசு வண்ண மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து, 158 வகை மீன்களை விற்கத் தடை என்றதும் கொளத்தூர் கொதித்தது. பிறகு அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் போராட்டத்துக்குப் போனீர்களா என்றேன். கடையடைப்பு நாளில் கூலி கிடையாது என்பது மட்டும் நினைவிருப்பதாகச் சொன்னார்.

கூலியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நகரத்துக் கடையில் ஆறு ஆல்பினோ கோரி வாங்குகிற காசில் அக்காவின் ஒருநாள் கூலி அடங்கிவிடும். பண்ணை விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம். அந்த நடுவில் இருப்பவர் ஏஜெண்ட். அவருக்குத் தொட்டி கிடையாது, புழு எடுக்கத் தெரியாது, கோரி முள் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஒரு செல்ஃபோன் இருக்கிறது. இத்தனையும்கூடப் பரவாயில்லை, வியாபாரம் என்று விட்டுவிடலாம். பொறுக்க முடியாதது ‘டெட்’ கணக்கு. போன இடத்தில் மீன் செத்தால் வாங்கியவர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புவார். ஏஜெண்ட் அதைப் பண்ணையின் கணக்கில் கழிப்பார். பண்ணை, பேக்கிங்கில் குறை என்று கூலியில் கழிக்கும். பெட்டி வெயிலில் கிடந்ததா, கவரை யார் எப்படிப் பிரித்தார்கள், தொட்டி வைத்து எத்தனை நாள் ஆயிற்று, இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பட்டினி போட்டு, பயம் தெளியவைத்து, மூலை கட்டி உயிரோடு அனுப்பிய கைதான் கடைசியில் சாவுக்கும் காசு கட்டுகிறது. நண்பர் அனுப்பிய பத்து மீன் படமும் இந்த வழியாக இறங்கி வந்து யாரோ ஒரு பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளத்தில் முடிந்திருக்கும். இந்தத் தொழிலுக்கு மையம் கட்ட முன்வந்தவர்கள் செத்த மீன் கணக்குக்கும் ஒரு விதி எழுதட்டும்.

அங்கிருந்தே நண்பரை ஃபோனில் பிடித்து அக்காவிடம் கொடுத்தேன். தரையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். கலர் கல் என்று பதில் வந்திருக்க வேண்டும். “எடுத்துப் போடுங்க சார். கூர்க் கல்லு, அதுல அழுக்கு வேற நிக்கும். மீசை அழுகிப் பூடும். ஆத்து மணலு சலிச்சு, நல்லா அலசிப் போடுங்க.” அடுத்து, மிச்சத்தைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிற மீன் என்று கடையில் சொன்னார்களாமே என்று நண்பர் கேட்டிருப்பார். “அதுக்கும் வயிறு கீது சார்.” நெல்லை வெயிலில் தொட்டி முப்பது டிகிரியைத் தொடும்போது என்ன செய்வது என்றும் பேசினார்கள். மூடியை எடுத்துவிட்டு மேலே சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பது அக்காவின் வைத்தியம். முதலில் இரண்டு மட்டும் வாங்கிப் பார்க்கட்டுமா என்று நண்பர் இழுத்ததற்கு, ஆறு இல்லையென்றால் வேண்டாம், கோரி தனியாக இருந்தால் மூலையில் பதுங்கித் தின்னாமல் கிடக்கும் என்று முடித்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, அழுக்கு ஸ்பாஞ்ச் சகிதம், இரண்டாவது பார்சல் போயிற்று. ஆறில் ஒன்று மூன்றாம் நாள் செத்தது, ஐந்து மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றன என்று நண்பர் சொன்னார். செத்ததைப் படமெடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பினால் பணம் திரும்ப வரும்தான். அந்தப் படம் எங்கே போய் இறங்கும் என்று அவருக்கு விவரமாகச் சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை என்றார்.