மண்ணுக்கு விலை பேசிய ஊரில்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதராகவே தெரிந்தார். "நீங்கள் வரம்பில் மரம் நட்டு, சருகை எரிக்காமல் மண்ணுக்கே போட்டுவந்தால் உங்கள் காணி மண்ணில் காபன் சேரும். அதை வெளிநாட்டுக் கம்பனிகள் காசு கொடுத்து வாங்கும்" என்றார். சேர விரும்புவோர் காணிப் பத்திரத்தின் பிரதியும் ஒரு கையெழுத்தும் தந்தால் போதுமாம்.

அவர் போன பின் ஒரே சிரிப்பு. "காத்துக்கும் காசோ அக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். ஆனால் பத்திரம், கையெழுத்து என்ற பேச்சு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எங்களில் பலருக்குக் காணிப் பத்திரம் காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது. சிலருக்கு அதுவும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. நுண்கடன் படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்து வைத்து அல்லற்பட்ட கதையும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில், பெண்கள் அமைப்புகளுக்கான பரிமாற்றப் பயணம் ஒன்றில் கென்யா போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சங்கத்துப் பெண்கள் ஒரு பொறுப்பையும் தந்து அனுப்பினார்கள். "அங்கை இது கனகாலமாய் நடக்குதாம். வடிவாய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ."

நைரோபியிலிருந்து மேற்கே போனால் விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு என்ற நகரம் இருக்கிறது. கடல் என்றே நினைத்தேன். அவ்வளவு பெரிய ஏரி. அங்கிருந்து வடக்கே புங்கோமா நோக்கிப் போகும் வழியில் பூமத்திய ரேகையைக் கடந்தோம். சாரதி சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராது. வழிநெடுகச் செம்மண். வலிகாமத்துத் தோட்டங்களை நினைத்துக்கொண்டேன். மக்காச்சோளம், கரும்பு, வாழை. தொலைவில் எல்கன் மலை. முதல் மழை விழுந்திருந்ததால் எல்லோரும் தோட்டத்தில் நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அங்கே தாய்மாரை 'மாமா' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். எனக்கும் 'மாமா' என்றுதான் பெயர். முதல்நாள் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகப் போய்விட்டது.

ஒரு மாமரத்தின் கீழ் கூட்டம் நடந்தது. அவித்த வத்தாளங்கிழங்கும் பால் தேநீரும் தந்தார்கள். இப்படிப்பட்ட குழுவை அவர்கள் 'சாமா' என்கிறார்கள். மாதாமாதம் ஆளுக்கொரு தொகை போட்டு, முறைவைத்து எடுப்பார்கள். எங்கள் சீட்டேதான்.

பிறகு தோட்டத்தைக் காட்டினார்கள். அறுவடைக்குப் பிறகு தட்டையை எரிப்பதில்லை; நிலத்தில் பரப்பிவிடுகிறார்கள். மாட்டெருவும் குழையும் சேர்த்துக் கூட்டெரு செய்கிறார்கள். வரம்பில் கிரெவில்லியா நிற்கிறது. எங்கள் மலையகத்தில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் அதே மரம். மண்ணை ஆழக் கொத்திப் புரட்டுவதில்லை. மக்காச்சோளத்தோடு அவரையினப் பயிர் ஒன்றையும் கலந்து நடுகிறார்கள்.

பார்த்ததும் எனக்கு என் அப்பு நினைவுக்கு வந்தார். பூவரசங்குழை வெட்டித் தோட்டத்தில் தாழ்ப்பதும், மாட்டுப்பட்டி அடைப்பதும் எங்கள் ஊரில் பழைய வேலைகள் அல்லவா? இப்போது அதற்கு 'மீளுயிர்ப்பு விவசாயம்' என்று புதுப்பெயர் வந்திருக்கிறது.

சரி, இதில் காபன் எங்கே வருகிறது? மரமும் பயிரும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து வளர்கின்றன. இலையும் வேரும் மண்ணில் உக்கும்போது அந்தக் காபனில் ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. கறுத்த, ஈரம் பிடிக்கும் மண் என்று நாம் சொல்வது காபன் கூடிய மண்ணைத்தான். எரித்தாலும் புரட்டினாலும் அது திரும்பக் காற்றில் கலந்துவிடும். ஒரு தொன் காபனீரொட்சைட்டு மண்ணில் சேர்ந்தது என்று சான்று கிடைத்தால் அது ஒரு 'காபன் வரவு'. புகை விடும் கம்பனி அதை வாங்கி, தான் விட்ட ஒரு தொன்னை ஈடுசெய்ததாகக் கணக்குக் காட்டலாம்.

மேற்குக் கென்யாவில் இந்த முயற்சியை வி அக்ரோபொரஸ்ட்ரி என்ற சுவீடன் தொண்டு நிறுவனம் 2009இல் தொடங்கியது. அரசுகளும் கம்பனிகளும் பணம் போட்ட, உலக வங்கியின் உயிர்க்காபன் நிதியம் வரவுகளை வாங்க 2010இல் உடன்பட்டது. இலக்கு 60,000 விவசாயிகள், 45,000 ஹெக்டெயர். 2014 ஜனவரியில் முதல் வரவுகள் கிடைத்தன. மொத்தம் 24,788 தொன். இந்த வகை விவசாயத்துக்கு உலகில் முதன்முதலாகக் கிடைத்த வரவுகள் இவை என்று உலக வங்கி அறிவித்தது.

சகோதரிகளே, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24,788 தொன்னை 60,000 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு அரைத் தொன்னும் வராது. தொன்னுக்கு 5 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஆளுக்கு 2 டொலர். எங்கள் காசில் 600 ரூபா அளவு. பயிற்சி, கணக்கெடுப்பு, சரிபார்ப்புச் செலவுகளும் அதற்குள் வரவேண்டும். ஒவ்வொரு தோட்டத்து மண்ணையும் சோதிப்பதும் இல்லை. யார் எந்த முறையை எவ்வளவு பரப்பில் செய்கிறார்கள் என்று பதிந்து, கணினியில் கணித்துத்தான் தொன் கணக்கு வருகிறது.

நான் இதைச் சொன்னபோது குழுவின் தலைவி சிரித்தார். "காபன் காசை நம்பி நாங்கள் இதைச் செய்யவில்லை, மாமா. மழை பிந்தினாலும் என் தோட்டம் வாடுவதில்லை. விறகுக்கு வெகுதூரம் நடப்பதில்லை. அதுதான் என் வருமானம். மற்றது வந்தால் பெட்டிக்குள் போடுவோம்" என்றார்.

அன்று மாலை அவர் தன் கதையையும் சொன்னார். எல்கன் மலைப்பக்கத்தில் 2006 முதல் 2008 வரை காணிப் பிணக்கால் ஆயுத மோதல் நடந்தது. 2008இல் இராணுவ நடவடிக்கை வந்தது. பலர் காணாமற்போனார்கள். அவருடைய கணவரும் அதில் ஒருவர். காணி இன்றும் கணவரின் பெயரில்தான் இருக்கிறது. "மரம் நான் நட்டேன். பெயர் அவருடையது. காபன் யாருடையது?" என்று கேட்டார். மொழிபெயர்த்த பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நானும் என் பக்கத்துக் கதையைச் சொன்னேன். அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்நாட்டின் வடபகுதியில் இன்னொரு பெரிய திட்டம் இருக்கிறது. மாடு, ஆடு மேய்க்கும் மக்களின் புல்நிலத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி மண்ணில் காபன் சேர்ப்பது அதன் நோக்கம். நெற்பிளிக்ஸ், மெற்றா போன்ற பெரிய கம்பனிகள் அந்த வரவுகளை வாங்கின. மக்களின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்று சேர்வைவல் இன்ரநஷனல் என்ற அமைப்பு 2023இல் குற்றஞ்சாட்டியது. திட்டம் நடந்த பகுதியிலுள்ள இரண்டு வனசீவராசிப் பாதுகாப்பகங்கள் சட்டத்துக்கு மாறாக அமைக்கப்பட்டவை என்று இசியோலோ நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர் மக்களே.

இடம்பெயர்ந்த எங்களுக்கு இது விளங்கும். காணியை யாரும் பறிக்கவேண்டியதில்லை. அதில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை கைமாறினாலே பாதி போய்விடும். மேலிருந்து வரும் தீர்மானத்தின் விலையும் எங்களுக்குத் தெரியும். 2021இல் செயற்கை உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தபோது, மண்ணைப் பழக்க அவகாசம் இல்லாமல் வயல் மஞ்சளித்து நின்றதை மறக்கமுடியுமா? மண் ஆறுதலாகத்தான் மாறும். கென்யத் தோட்டங்களுக்கும் ஆண்டுகள் எடுத்தன.

இன்னொன்று. கம்பனி தன் புகையைக் குறைக்காமல் எங்கள் மண்ணைக் காட்டித் தப்பிக்கொண்டால் மழை பிழைப்பதும் வெயில் கூடுவதும் நிற்காது. அதன் பலனையும் முதலில் அனுபவிப்பது தோட்டக்காரிதான்.

ஊர் திரும்பியதும் சங்கத்தைக் கூட்டினோம். இரவிரவாகப் பேசி ஐந்து கேள்விகளை எழுதினோம். பத்திரம் இல்லாத, கணவரின் பெயரில் பத்திரம் உள்ள பெண்களுக்குப் பங்கு உண்டா? நூறு ரூபா வந்தால் எங்கள் கைக்கு எத்தனை ரூபா? எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டுப்படவேண்டும்? இடையில் மகளுக்குச் சீதனமாகக் காணியைக் கொடுக்கவோ வேறு பயிர் வைக்கவோ நினைத்தால் என்ன நடக்கும்? வாங்கும் கம்பனி எது, அது தன் புகையைக் குறைக்கிறதா?

அந்த மனிதர் மறுபடி வந்தபோது எங்கள் செயலாளர் எழுந்து நின்று ஐந்தையும் வாசித்தார். அவர் கோபிக்கவில்லை. குறித்துக்கொண்டார். ஒப்பந்தத்தைத் தமிழில் தரவேண்டும், அதைச் சட்ட உதவி அலுவலகத்தில் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்றோம். கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். இதை எழுதும்வரை வரவில்லை.

நாங்கள் காத்திருக்கவில்லை. சருகு எரிப்பதை நிறுத்திவிட்டோம். வேலியோரம் சீமைக்கிளுவைத் தடி ஊன்றியிருக்கிறோம். பன்னிரண்டு வீடுகளில் கூட்டெருக் குழி வெட்டியாயிற்று. மழைக்குப் பிறகு என் கத்தரிப் பாத்தியில் கைவைத்துப் பார்த்தேன். மண் பொலபொலவென்று வந்தது. உள்ளே இரண்டு மண்புழுக்கள் நெளிந்தன.