எங்கள் பழைய ஜீப்

ஐந்தருவிப் பக்கமிருந்து மங்குஸ்தான் கூடைகளைத் தென்காசிச் சந்தைக்குச் சுமப்பது எங்கள் பழைய பெட்ரோல் ஜீப்தான். எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணமும் அதில்தான் வருகிறது. இவ்வாண்டு சாரல் தொடங்கிய வேளையில் அதற்கு நோய் கண்டது. வண்டியை நிறுத்தினால் இன்ஜின் அணைந்தது, வைப்பரும் சோம்பியது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் அவ்வளவு பணம் ஏது?

பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தோம். அடியில் தண்ணீர் தங்கவில்லை. பின்னர் இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடி கேஸ்கட்டைச் சுற்றி அப்பா சோப்புத் தண்ணீர் விட்டார்.

"சத்தம் மாறுதா பிள்ளையளா?"

மாறவில்லை. ஒழுகல் அங்கே இருந்தால், தண்ணீர் அடைத்த கணமே இன்ஜின் சீராகியிருக்கும்.

இக்கால வண்டிகளில் வைப்பரை மின் மோட்டார் ஆட்டுகிறது. எங்கள் ஜீப்பிலோ இன்ஜினின் உறிஞ்சு விசையே ஆட்டுகிறது! அதற்கான ரப்பர் குழாயை அப்பா விரலால் நசுக்கினார். உடனே இன்ஜின் அமைதியாக ஓடியது. குழாய் வெடிப்பின் வழியே வெளிக்காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது.

ஒரு முழம் புதுக் குழாயோடு வேலை முடிந்தது. அன்று மாலையே கூடைகள் சந்தை சேர்ந்தன. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சு விசை குறையும். வைப்பர் அங்கே மட்டும் இன்னும் சோம்பல்தான்.