மறைக்கப்பட்ட வரி

கடல் கடந்து பொருள் தேடச் சென்ற ஆடவரும், காத்திருந்த பெண்டிரும் தமிழகத்துக்குப் புதியவரல்லர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் அனுப்பிய பணத்தைப் பற்றியும் பேசுகிறோம். அவர் எழுதிய மடல் வீடு வந்து சேர்ந்த பின் என்ன ஆயிற்று என்று எவரேனும் கேட்டதுண்டா? யாருக்கு எழுதினாரோ, அவளால் அதைப் படிக்க முடிந்ததா?

பெரும்பாலோரால் முடியவில்லை, தோழர்களே! 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. 1945இல் போர் முடியும் வரை மலேயாவிலிருந்து மடல் வாராமல் இங்கே வீடுகள் துடித்தன. துடித்தது மெய். ஆனால் அதற்கு முன், அஞ்சல் ஒழுங்காக வந்த நாளிலும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது நேராக வந்ததில்லையே! அஞ்சற்காரர் வாய், மாமனார் வாய், இல்லையேல் தெருவில் நாலெழுத்துப் படித்த யாரோ ஒருவர் வாய். அந்த வழியாகத்தான் கணவன் சொல் அவள் காதுக்கு வந்தது. அவள் விடையும் அதே வழியில்தான் திரும்பிற்று. சுற்றிலும் பத்துப் பேர் அமர்ந்திருக்க, "வேறென்ன எழுத?" என்று கேட்பவரிடம் ஒரு பெண் எதைச் சொல்வாள்? "இங்கு அனைவரும் நலம்" என்பாள்.

உரக்கப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட மடல்கள் உண்டு. அறிஞர் அண்ணா 'திராவிட நாடு' இதழில் தம்பிக்கு எழுதிய மடல்களைப் படிப்பகத்தில் ஒருவர் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். அவை ஊருக்கு எழுதியவை, ஊர் கேட்டது. இருவருக்குள் எழுதியதை ஊர் கேட்பது வேறு.

இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நம் அன்னையின் கதையே இதுதான்.

நம் ஊர் விளாங்குடி. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இருப்பது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது, அன்று பேரூராட்சி. 1991இல் நம் தந்தையார் கம்பி கட்டும் வேலைக்குச் சவுதி அரேபியா சென்றார். மணமாகி ஆறு திங்களே ஆகியிருந்தன. அன்னைக்கு வயது பத்தொன்பது. பள்ளிக்கூடத்து வாயிலைக் கண்டதில்லை. சாலையில் சிறிது தொலைவு நடந்தால் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியே இருந்தது. பின்னாளில் அவர் மகள் பட்டம் பெற்றதும் அங்கேதான். அன்றைக்கு அவருக்கு அது யாருடைய ஊரிலோ இருந்த கட்டடம்!

சிவப்பும் நீலமும் கரை கட்டிய உறையில் மடல் வரும். தந்தை வழி உறவினர் ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்து படிப்பார். மறு ஆண்டு வீட்டில் ஒரு திருமணம் வந்தது, பணம் போதவில்லை. அந்த வாரம் வந்த மடலைப் படித்தவர், "பெரியவர்கள் கேட்பதைக் கொடு என்று எழுதியிருக்கிறான்" என்றார். அன்னை மறு சொல் சொல்லவில்லை. தாய்வீட்டில் போட்ட நான்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அடகுக்குப் போன வளையல்கள் திரும்பவேயில்லை. போனது பொன் மட்டுமா? கேளாமலே கொடுக்கச் சொல்லிவிட்டாரே என்று கணவர்மீது ஒரு கசப்பு. அதை எழுதவும் வழியில்லை. எழுதித் தருபவரும் அதே உறவினர் அன்றோ!

அந்நாளில்தான் மாவட்டந்தோறும் அறிவொளி இயக்கம் எழுந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற செய்தியை நாடறியும். எங்கள் தெருவில் மிதிவண்டி இல்லை. ஒரு கரும்பலகையும், விளக்குக் கம்பத்தடியில் ஒரு பாயும் இருந்தன. மாவாட்டி முடித்த கையோடு அன்னை அங்கே போய் உட்கார்ந்தார். வீட்டில் ஏளனம் செய்தார்கள். "கலெக்டர் ஆகப் போறியா?" என்றார்கள். ஓராண்டு சென்றது. ஒரு நாள் பகலில், வீட்டில் எவருமில்லாத வேளையில், தகரப் பெட்டியைத் திறந்து பழைய மடல்களை எடுத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். எட்டாவதோ ஒன்பதாவதோ மடலில் அந்த வரி இருந்தது: "உன் வளையலைக் கேட்டால் கொடுக்காதே. இரண்டு மாதத்தில் நான் பணம் அனுப்புகிறேன்."

அன்னை சண்டையிடவில்லை. ஏன் இடவில்லை என்று நாம் பலமுறை சினந்து கேட்டதுண்டு, விடை வந்ததில்லை. அன்றிரவு தம் கையாலேயே தந்தைக்கு எழுதினார். பாதி மெய்களுக்குப் புள்ளி இல்லை. "இனி எனக்கு எழுதுவதை நானே படிப்பேன்" என்பதே அதன் சாரம். தந்தையார் அதைத் தம் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். ஊர் திரும்பிய பின்னும் அங்கேயே இருந்தது.

இன்று நாம் ஓர் ஆசிரியை. நம் துணைவர் கத்தார் நாட்டில் பணி செய்கிறார். கைப்பேசி இருக்கும்போது மடல் எதற்கு என்று உடன் பணியாற்றுவோர் நகைக்கின்றனர். அவர் அறையில் எட்டுப் பேர். நம் வீட்டில் இரண்டே அறை. முகம் காட்டிப் பேசும் பேச்சு அந்தப் பதின்மருக்கும் பொது! ஆகவே விடுமுறையில் ஊர் வரும் நண்பர் கையில் திங்களுக்கொரு மடல் வரும், போகும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தோர். அந்தக் கணக்குக்கு வெளியே நின்றவருள் ஒருவர் நம் மாமியார். மடலின் கடைசிப் பக்கம் எப்போதும் அவருக்கு. அதை நாம்தான் படித்துக் காட்டுகிறோம். சென்ற ஆடியில் வந்த மடலில், இரண்டு மாதச் சம்பளம் நிலுவை என்று அவர் தாய்க்கு எழுதியிருந்தார். இரத்தக் கொதிப்புள்ளவர், தாங்கமாட்டார் என்று எண்ணி அந்த வரியைத் தாண்டிப் படித்தோம். நல்லெண்ணந்தான்! திண்ணையில் அமர்ந்த அந்த உறவினரும் ஏதோ ஒரு நல்லெண்ணத்தைத்தான் சொல்லியிருப்பார்.

மாமியார் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "எல்லாத்தையும் படிச்சிட்டியா, தாயி?" என்றார்.

அன்று வாய் திறக்க இயலவில்லை. மறுநாள் மாலை பள்ளியிலிருந்து ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு வந்தோம். விடுபட்ட வரியையும் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், பிறகு பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இப்போது ககர வரிசை முடிந்திருக்கிறது. அறுபது வயதில் விரல் வளைய மறுக்கிறது. மகன் பெயரை எழுத இன்னும் எத்தனை எழுத்து கற்க வேண்டும் என்று நாள்தோறும் கேட்கிறார்.